சமதளத்தில் ஒரு தபால்காரர்

அந்தத் தபால்காரர் ஆறு விநாடி ஒழுங்காக நடந்தால் போதும், எனக்கு வேலை நிலைத்துவிடும்.

சென்னையில் உள்ள ஒரு அனிமேஷன் நிறுவனம் என்னை மூன்று மாதம் சோதனைக்கு எடுத்திருந்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர். மலைமேல், வாழவந்தி நாட்டில், எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் வேலை செய்து அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு மாதங்களில் எனக்குக் கிடைத்தவை: ஒரு கதவு திறப்பது, ஒரு வாளி உருள்வது, ஒரு கோழி திரும்பிப் பார்ப்பது, மறுபடியும் கதவு. மூன்றாம் மாதம்தான் ஆள் கிடைத்தார். பருத்த தபால்காரர், தோளில் கனமான பை, நேரான தெருவில் இடமிருந்து வலமாக நடக்கிறார். இது சரியாக வந்தால் நிரந்தரம். வராவிட்டால் சேலத்தில் மாமா பேசி வைத்திருந்த பேனர் கடை. அங்கே என் வேலை, காதுகுத்து பேனரில் முப்பது உறவினர்களின் தலைகளை ஒரே அளவில் வெட்டி ஒட்டுவது. ஒரு சித்தப்பாவின் தலை இன்னொரு சித்தப்பாவின் தலையைவிடச் சிறிதாகிவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு விசேஷத்திலேயே நடந்திருக்கிறது.

நான் படித்த கல்லூரியில் முதல் வருடம் முழுக்கக் கணினியைத் தொடவே விடவில்லை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை, தாள், பென்சில், ரப்பர். அவ்வளவுதான். ஒரு பந்து துள்ள இருபது படம். ஒரு மாவு மூட்டை தூங்கி எழுந்து சோம்பல் முறிக்க நாற்பது படம். வரைந்த தாளின் மேல் அடுத்த தாளை வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பழைய கோடு தெரிய, புதிய கோட்டை ஒரு மயிரிழை தள்ளிப் போட வேண்டும். பிறகு தாள்களை விரலிடுக்கில் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பு என்றுதானே சேர்ந்தோம் என்று வகுப்பே முனகியது. நானும் முனகினேன். ஆனால் படிப்பைப் பற்றிய என் குறைகளை எண்ணிட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பதினொன்று வந்தது. ஒன்பதாவது, 'மாவு மூட்டைக்கு எதற்குச் சோம்பல்?'

இரண்டாம் வருடம் கணினி வந்தது. திரையில் ஒரு பொம்மை. அதன் கையை இங்கே வை, பன்னிரண்டு பிரேம் தள்ளி அங்கே வை. நடுவில் உள்ளதைக் கணினியே நிரப்பிக்கொள்ளும். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. முதல் வருடத்துத் தாள்களை ஊருக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். மாவு மூட்டையின் நாற்பது சோம்பல்களும் எங்கள் அலமாரித் தட்டுகளில், மசாலா டப்பாக்களுக்கு அடியில் விரிப்பாயின.

தபால்காரரையும் அப்படித்தான் நடக்க வைத்தேன். கல்லூரியில் கொடுத்த மாதிரித் தாள் ஒன்று என்னிடம் இருந்தது. எப்படிக் கால் வைப்பது, எப்போது கை முன்னே வருவது எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து முக்கியமான நிலைகளை மட்டும் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கணினியிடம் விட்டேன். கோப்பை அனுப்பினேன். எங்கள் ஊர் இணையத்தில் ஒரு கோப்பு சென்னை போய்ச் சேர ஒரு குளியலும் ஒரு சாப்பாடும் ஆகும்.

வீடியோவில் பேச வேண்டுமென்றால் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான், வீட்டு முன் களத்தின் மேற்கு மூலை. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தேன். அதன் பின்கால்கள் இரண்டுக்கும் அடியில் கல் வைத்தால்தான் நாற்காலி நேராக நிற்கும்.

எங்கள் குழுவின் தலைவி என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். அது இன்னும் பயமாக இருக்கும்.

"எடை எங்கேங்க?" என்றார்.

"பை பெருசாத்தான் வெச்சிருக்கேன் மேம்."

"பை பெருசா இருக்கு. அதுக்குள்ள பஞ்சு இருக்கு. ஆளுக்குள்ளயும் பஞ்சுதான் இருக்கு. கம்ப்யூட்டர் நடக்குது, அவர் நடக்கல. நீங்க பேப்பர்ல பழகினவங்கதானே? விண்ணப்பத்தோட ஒரு மாவு மூட்டை அனுப்பியிருந்தீங்களே, அதைப் பார்த்துத்தான் உங்களை எடுத்தோம். யாரையாவது பார்த்து, கையால வரைஞ்சுட்டு அப்புறம் கம்ப்யூட்டருக்கு வாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாதுங்க."

நான் உள்ளே போய் மசாலா டப்பாக்களைத் தூக்கிப் பார்த்தேன். மூட்டையின் இடுப்பில் மஞ்சள் தூள் கறை. மற்றபடி நன்றாகத்தான் வரைந்திருந்தேன்.

வீட்டில் கண்ணாடி மேசை கிடையாது. கண்ணாடி என்று பார்த்தால் அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவில்தான் இருந்தது. ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தார்.

"எங்க கலியாணத்தையா கழட்டற?"

"கண்ணாடிய மட்டுந்தாம்மா."

இரண்டு செங்கல்லை நிறுத்தி, மேலே கண்ணாடி, அடியில் போன் டார்ச். மேசை தயார். போட்டோவைப் பீரோ மேல் சாய்த்து வைத்தேன். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றார்.

"பரவால்லயே, கண்ணாடி இல்லாம இன்னுஞ் சிவப்பாத் தெரியறேன்."

"தூசி படியறதுக்குள்ள பாத்துக்குங்க," என்றார் அம்மா.

நடந்து காட்ட ஆள் வேண்டும். அப்பாவைக் கேட்டேன். தபால்காரர் குண்டு, அப்பா ஒல்லி, ஆனாலும் சுமைக்குச் சுமை ஒன்றுதான் என்று கணக்குப் போட்டேன். என் பழைய கல்லூரிப் பையில் குச்சிக்கிழங்கை அடைத்துத் தோளில் மாட்டிவிட்டேன். "இருந்துக்க, வாரேன்" என்று உள்ளே போனவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். போனைத் தூக்கிப் பிடித்ததும் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண் சிமிட்டாமல், ஆதார் கார்டுக்கு நிற்பதுபோலவே நடந்தார். நிற்பதுபோல நடப்பது எப்படி என்று கேட்கலாம். அப்பாவுக்கு முடிந்தது.

போனை உள்ளே வைத்துவிட்டேன். அவர் தன் பாட்டில் காட்டிலிருந்து கிழங்கு மூட்டையைச் சுமந்துவரும்போது, மிளகுக் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கினேன். ஒரு நாள் முழுக்கப் போனார், வந்தார். அன்று நான் செய்தது அது ஒன்றுதான். மறுநாள் கண்ணாடி மேல் வைத்து இரண்டு எட்டு வைப்பதற்குப் பன்னிரண்டு படம் வரைந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கணினியில் பொம்மையின் கையை நகர்த்தும்போது நான் கையை மட்டும்தான் பார்க்கிறேன். தாளில் அது நடக்காது. கை ஒரு நூல் நகர்ந்தாலும் மனிதரை முழுதாக மறுபடி வரைய வேண்டும். ஒருவரைப் பன்னிரண்டு முறை முழுதாக வரைந்தபின், பதின்மூன்றாவது முறை அவர் இடுப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது கைக்கே தெரிந்துவிடுகிறது. என் பதினொரு குறைகளில் ஏழு வரிகளை அன்றைக்கு நோட்டில் அடித்துவிட்டேன். மாவு மூட்டை உட்பட.

அம்மாவிடம் தாள்களைக் கொடுத்துப் புரட்டச் சொன்னேன். ரேஷன் அட்டையைப் புரட்டுவதுபோல ஒன்றொன்றாகப் பார்த்தார். பிறகு பழகிக்கொண்டு வேகமாகப் புரட்டினார். சிரித்துவிட்டார்.

"அய்யோ, உங்கப்பனேதான்! தோளு வலிக்கறத மொகத்துல காட்டாம இடுப்புல காட்டறாரு பாரு."

இதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா? பன்னிரண்டு படங்களையும் போட்டோ எடுத்துக் கணினியில் ஏற்றினேன். தபால்காரர் பொம்மையை ஒவ்வொரு படத்துக்கும் மேல் பொருத்தினேன். கணினி நடுவில் நிரப்பிக்கொள்ள ஒரு பிரேம்கூடச் சும்மா விடவில்லை. திங்கட்கிழமை அனுப்பினேன். குளித்தேன், சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை களத்து மூலையில் உட்கார்ந்தேன். திரையில் தலைவி வந்தார். அவருக்குப் பின்னால் குழுவினர் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருடைய தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர்கள் வீடியோதான் கோணலோ என்று நினைத்தேன்.

"இந்தத் தெரு எங்கங்க இருக்கு?" என்றார் தலைவி.

"நீங்க அனுப்பின தெருதான் மேம்."

"நாங்க அனுப்பின தெரு சமமா இருந்துச்சு. உங்க ஆளு மலை ஏறறாரே!" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். குரலை உயர்த்தாதவர் என்று சொன்னேன் அல்லவா, சிரிப்பு அதில் சேராது போலிருக்கிறது. "எடை அருமை. சத்தியமா. ஆனா தெரு எந்தப் பக்கம் சாயுதுன்னு காலையில இருந்து எல்லாரும் கழுத்தைச் சாய்ச்சுப் பார்த்துட்டு இருக்கோம்."

நான் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சாய்வு கூடிக்கொண்டே போனது. தபால்காரரின் உடம்பு முன்னால் வளைந்திருந்தது. முழங்கால் எந்தப் படத்திலும் முழுசாக நீளவில்லை. குதிகால் படுவதற்கு முன்பே பாதத்தின் முன்பக்கம் தரையைத் தொட்டது. கண் இரண்டடி தூரத்துத் தரையில் இருந்தது, கல் இருக்கிறதா, பாசி வழுக்குமா என்று பார்ப்பதுபோல. தார் போட்ட நேர்த் தெருவில், ஒரு அரசு ஊழியர், பாசி தேடிக்கொண்டு போகிறார்.

அப்பா அப்படித்தான் நடக்கிறார். அம்மா அப்படித்தான். நான் எழுந்து வீட்டுக்குள் போனபோது என் காலையே பார்த்தேன், நானும் அப்படித்தான். எங்கள் களமே சரிவு. நாற்காலிக்குக் கல் வைத்தவளே நான்தான், ஆனாலும் அந்தக் களத்தில் நடப்பவரைச் 'சாதாரணமாக நடப்பவர்' என்றுதான் வரைந்திருக்கிறேன். கல்லூரியில் இது வெளிப்படவில்லை, ஏனென்றால் அங்கே நான் வரைந்தது அச்சான தாளில் இருந்த நடை. பார்த்து வரைந்த முதல் மனிதரே அப்பாதான்.

வீட்டில் சொன்னேன். அப்பாவின் முகம் சுருங்கியது.

"ஏங்கண்ணு, நாஞ் செரியா நடக்கலியா?"

"நீங்க சரியாத்தான் நடக்கறீங்கப்பா. தெருதான் வேற."

"அம்பது வருசமா நடந்தாச்சு," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. "இப்பத்தான் தப்புன்னு மெட்ராஸ்ல கண்டுபுடிச்சிருக்காங்களாமா."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள். சமதளத்தில் நடப்பவரை எங்கே பார்ப்பது என்று பட்டியல் போட்டேன். எங்கள் பக்கத்தில் சமமான இடங்கள் என்று யோசித்தால் மூன்றுதான் தேறின. வீட்டு மொட்டை மாடி, ஆனால் மழை பெய்தால் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடும், அடித்தேன். பள்ளிக்கூட மைதானம், அங்கே பிள்ளைகள் ஓடுவார்கள், ஆடுகள்தான் நடக்கும், அடித்தேன். மிச்சம் செம்மேடு பஸ் ஸ்டாண்டு.

புதன்கிழமை அங்கே போய் உட்கார்ந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் ஊர்க்காரர்கள் சிமெண்டுத் தரையிலும் பாசி தேடிக்கொண்டே போனார்கள். சரி, வெளியூர்க்காரர்களைப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். வந்தார்கள். ஆனால் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி, அத்தனையும் திரும்ப ஏறி வந்திருந்தார்கள். ஒருவர் இரண்டு காலையும் விறகுக்கட்டைபோலத் தூக்கித் தூக்கி வைத்தார். ஒரு பெண் பக்கவாட்டில் நண்டுபோல நடந்தார். இரண்டு இளைஞர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, டீக்கடையின் ஒற்றைப் படிக்கு முன்னால் நின்று ஆலோசனை செய்தார்கள். சமதளத்தில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரையும் மலை அதற்குள் கெடுத்து அனுப்பியிருந்தது.

ஆகவே கீழே போக வேண்டியதுதான். வியாழக்கிழமை முதல் பஸ். "எனக்கும் ஹோஸ் பைப்பு வாங்கோணும்" என்று அப்பாவும் கிளம்பிவிட்டார். பைப்பு சாக்கு. சரியான நடை எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார்.

சேந்தமங்கலத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு நிழலில் நோட்டோடு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் கண் திறந்தது. கீழ்நாட்டில் யாரும் தரையைப் பார்ப்பதே இல்லை. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கிறார்கள், கடைகளைப் பார்க்கிறார்கள், திரும்பிப் பின்னால்கூடப் பார்க்கிறார்கள். குதிகால் முதலில் விழுகிறது, வயிறு அதன் பின்னால் வருகிறது, தலை எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. தரை அங்கேயேதான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

அப்போது ஒருவர் தோளில் புண்ணாக்கு மூட்டையோடு வந்தார். பருத்த உடம்பு, நரைத்த மீசை. என் தபால்காரரேதான், காக்கிச் சட்டை ஒன்றுதான் குறை. மூட்டையை ஒரு கடை வாசலில் வைத்தார், திரும்பிப் போனார், இன்னொன்று கொண்டுவந்தார். நான் கிறுக்கிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது மூட்டையில் ஒரு நிழல் நோட்டின் மேல் விழுந்தது.

"ஏனுங்க கண்ணு, எங்கூட்டுக்காரரையே எதுக்குங்க அப்படி மொறச்சு மொறச்சுப் பாக்கறீங்க?"

கையில் மஞ்சள் பை பிடித்த ஒரு அம்மாள். நோட்டைக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "தொப்பை இன்னுங் கொஞ்சம் வேணுங்க," என்றார். பிறகு தெருவுக்குக் கேட்கும்படி, "இங்க வாங்க! இந்தப் புள்ள உங்களப் படம் போட்டிருக்குது!"

"போலீசுக்கா?" என்றார் அவர், தூரத்திலிருந்தே.

"கார்ட்டூனுக்குங்க," என்றேன்.

"அதுக்குப் போலீசே தேவலயே."

இன்னொரு முறை மெதுவாக நடந்து காட்டுவீர்களா என்று கேட்டேன். சம்மதித்தார். அங்கேதான் கெட்டது. மூட்டையைத் தூக்கியதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார், மீசையைத் தடவினார், அப்பாவின் ஆதார் கார்டு நடை அப்படியே வந்துவிட்டது.

"மூச்ச விடுங்க!" என்றார் அந்த அம்மாள். அவர் விடவில்லை. அம்மாள் என் பக்கம் குனிந்தார். "பென்சிலத் தயாரா வெச்சுக்குங்க சாமி." நிமிர்ந்து, சாதாரணமாக, "ஏனுங்க, கறவை மாட்டுக்குத் தண்ணி வெச்சுட்டுத்தான வந்தீங்க?"

அவர் அப்படியே நின்றார். மூச்சு போனது, தொப்பை வந்தது. மூட்டையைக் கீழே வைக்கவும் மறந்து, வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்து விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

"இப்ப போடுங்க!" என்றார் அம்மாள். போட்டேன். அவர் திரும்பி வருவதற்குள் ஆறு படம் தேறியது. மாட்டுக்குத் தண்ணீர் அம்மாளே வைத்துவிட்டு வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பைப்புச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானும் நெஞ்சை நிமிர்த்திக் குதிகாலை முதலில் வைத்து நாலு எட்டு நடந்து பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாளால் முடியவில்லை.

"ஏனுங்கண்ணா, கெணத்துத் தண்ணியில எறங்கறாப்பலயே நடக்கறீங்க?"

"நீங்க ஒருக்கா எங்கூருப் பக்கம் வந்து நடந்து பாருங்க," என்றார் அப்பா மரியாதையாக. "நா வந்து தூக்கியுடறேன்."

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்வரையும், வெள்ளி காலையிலும் வரைந்தேன். குதிகால் தொடும் படம், உடம்பு அமுங்கும் படம், ஒரு கால் மற்றதைக் கடக்கும் படம், உடம்பு எழும் படம். புண்ணாக்கு மூட்டைக்காரர் மூட்டையை அலட்சியமாகத் தூக்கியிருந்தார், அவருக்கு அது பெரிய பாரமில்லை. அதனால் இடுப்பை மட்டும் அப்பாவின் தாள்களிலிருந்து எடுத்தேன். கீழ்நாட்டுக் கால், மலைநாட்டு இடுப்பு. கண்ணாடி மேல் இரண்டு தாளையும் ஒன்றாக வைத்தபோது அவை சண்டை போடவில்லை. மதியம் பொம்மையை அவற்றின் மேல் பொருத்தி, இரண்டு மணிக்கு அனுப்பினேன். குளியலும் சாப்பாடும் முன்பே முடிந்திருந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் களத்தை இரண்டு முறை கூட்டினேன்.

நாலரை மணிக்குத் தலைவி வந்தார். பின்னால் நின்றவர்களின் தலைகள் நேராக இருந்தன. அதைத்தான் முதலில் பார்த்தேன். அவர் ஆறு விநாடியை மூன்று முறை ஓட்டினார்.

"நடக்கறார்," என்றார்.

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"திங்கட்கிழமை லெட்டர் வரும். வேலை உங்களுக்குத்தாங்க." நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "ஆனா காட்சி இன்னும் முடியல. கால் விழுந்ததும் பையும் கூடவே ஆடுது. கனமான பைன்னா ரெண்டு பிரேம் கழிச்சுத்தான் ஆடணும். ராத்திரிக்குள்ள முடியுமா?"

முடியும் என்றேன். உள்ளே வந்து சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். அப்பா போனை வாங்கித் தபால்காரர் நடப்பதை நாலு முறை பார்த்தார். ஐந்தாவது முறை இடுப்பருகே விரலை வைத்து எதையோ சரிபார்த்துக்கொண்டார். பிறகு நான் மறுபடி பென்சிலைச் சீவுவதைக் கவனித்தார்.

"வேலதான் கெடைச்சிருச்சே. இன்னும் என்ன?"

"பை ரெண்டு பிரேம் லேட்டா ஆடணும்பா."

"ரெண்டு பிரேம்னா எத்தன நேரம்?"

"ஒரு விநாடிய பன்னெண்டாப் பிரிச்சா, அதுல ஒண்ணு."

அப்பா கண்ணை ஒரு முறை சிமிட்டிப் பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது, இன்னும் வேகமாகச் சிமிட்டினார்.

"அத யாரு பாப்பாங்க?"

"பையில பஞ்சு இருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்பா."

அவர் எழுந்து போய் மூலையில் கிடந்த கல்லூரிப் பையில் கிழங்கை அள்ளிப் போட்டார். தோளில் மாட்டிக்கொண்டு, சட்டையை மாற்றாமல், களத்துக்கு இறங்கினார்.

"பையத்தான பாக்கோணும்? கால உடு. பையப் பாரு," என்றார்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.